இறுதி வகுப்பு வரை வந்த நம் பிள்ளைகள்

பள்ளியிறுதி வகுப்பை முடித்து வெளியேறும் நம் பிள்ளைகளைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதித் தரவேண்டும் என்று வெள்ளிவிழா மலர்க் குழுவினர் பணித்தனர். ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேர்வுக்கு அனுப்பிவிட்டு வெறுமையான வகுப்பறையைப் பூட்டி வருபவர் நாம். ஆகவே இப்பணி நமக்கு இனியதே. ஆயினும் அப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லப் புகுமுன், இந்த மலையிலேயே நடந்த பழைய செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதை அறியாமல் இப்பிள்ளைகள் செய்த காரியத்தின் அளவு விளங்காது.

1891-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள். உதகமண்டலத்தில் திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடிற்று. கூட்டியவர் பண்டிதர் அயோத்திதாசர். 1845-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிறந்து, காத்தவராயன் என்ற பெயருடன் வளர்ந்து, தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே தம் பெயராகச் சூடிக்கொண்ட பெருமகனார் அவர். (ஆசிரியர்க்கு இதனினும் பெரிய காணிக்கை எந்த மாணவர் கொடுத்தார் என்று நாம் அடிக்கடி எண்ணுவதுண்டு.) சித்த மருத்துவர், தமிழும் பாலியும் வடமொழியும் ஆங்கிலமும் அறிந்தவர். தம் இளமையை நீலகிரியில் கழித்தவர். 1870-களில் இங்கேயே அத்வைதானந்த சபையை நிறுவியவர்.

அம்மாநாட்டில் பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. நம் மக்களைச் சாதிப் பெயர் சொல்லி இழிவு செய்வோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பது ஒன்று. நகராண்மைக் கழகங்களிலும் ஜில்லா போர்டுகளிலும் நமக்குப் பிரதிநிதிகள் வேண்டும் என்பது மற்றொன்று. கல்வியைப் பற்றிய தீர்மானத்தை இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் வேண்டும் என்று கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. மெட்ரிகுலேஷன் படிப்புக்கு உதவித்தொகை வேண்டும் என்றும், படித்துத் தேறியவர்க்கு அரசாங்க உத்தியோகம் வேண்டும் என்றும் கேட்டார்கள்.

மெட்ரிகுலேஷன் என்பது அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு. அதில் தேறியவன் கல்லூரிக்குள் போகலாம். அல்லது கச்சேரியில் குமாஸ்தாவாக உட்காரலாம். பெரும்பாலான ஊர்களில் நம் குழந்தை பள்ளித் திண்ணையை மிதிக்கவே இயலாதிருந்த காலம் அது. அக்காலத்தில், இந்தக் குளிர் மலையில் கூடியவர்கள் ‘அ, ஆ’ எழுதக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று கேட்கவில்லை; இறுதி வகுப்பைக் கேட்டார்கள்.

மறு ஆண்டு, 1892-இல், சென்னை மகாஜன சபைக் கூட்டத்திற்குப் பண்டிதர் நீலகிரியின் பிரதிநிதியாகச் சென்றார். கோயில் நுழைவைக் கேட்டபோது, உங்களுக்கு மதுரை வீரனும் காட்டேரியும் இருக்கின்றனவே என்று ஏளனமாக விடை வந்தது. அப்படியாயின் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டா என்று சொல்லிவிட்டு, நம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும், ஊர்தோறும் தரிசு நிலமும் கேட்டார் பண்டிதர். அதற்கு அச்சபையார் இசைந்தனர்.

உதகையில் மெட்ரிகுலேஷன், சென்னையில் நான்காம் வகுப்பு. பண்டிதர் தம் கோரிக்கையைக் குறைத்துக்கொண்டார் என்று எவரேனும் கூறினால் நாம் அதை ஒப்பமாட்டோம். பள்ளி வாசலே திறவாத சிற்றூர்களை எண்ணி, முதற்படியை முதலில் கேட்டார் என்பதே நம் கருத்து. ஆயினும் நான்காம் வகுப்புக்கும் இறுதி வகுப்புக்கும் இடையிலுள்ள அந்தத் தொலைவைக் கடக்க நம் மக்களுக்கு எத்தனை தலைமுறைகள் ஆயின என்பதே நம் கல்வி வரலாறு.

அத்தொலைவை முன்னமே நடந்து கடந்தவர் ஒருவர் இதே மலையில் வாழ்ந்தார். பண்டிதரின் மைத்துனராகிய திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனாரே அவர். பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்த தலைவராகவே அவரை நம் இளைஞர்கள் அறிவார்கள். மாணவராக அவர் பட்ட பாட்டை அறிந்தவர் சிலரே. மலையடிவாரத்துக் கோயம்புத்தூரில் அவர் கலாசாலையில் பயின்றார். மாணவர் ஏறத்தாழ நானூறு பேர். பத்துப் பேர் நீங்கலாக மற்றவர் யாவரும் பிராமணர். தம் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிட்டால் தாழ்வாக நடத்துவார்களே என்று அஞ்சி, அவர் எவருடனும் பழகாதிருந்தார். பள்ளி தொடங்குமுன் வெளியே எங்கேனும் இருந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்பினுள் நுழைவார். வகுப்பு கலைந்ததும் எவரும் தம்மை அணுகுமுன் விரைந்து வீடு போய்ச் சேர்வார். உடன் பயில்வோருடன் விளையாடக் கூடாமற்போனதை அவர் 1939-இல் வெளியிட்ட தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். எண்பது வயதை எட்டிய முதியவர், பெற்ற பட்டங்களையும் கண்ட நாடுகளையும் சொல்லுமிடத்தில், ஆடாமற்போன ஆட்டத்தையும் மறவாமல் சொல்கிறார்! பள்ளியில் உடற்கல்விப் பாடவேளையை எடுத்துக் கணக்குப் பாடம் நடத்த எவரேனும் அனுமதி கேட்டால் நாம் மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படிப்புக்குப் பின் சீனிவாசனார் நீலகிரியில் ஐரோப்பிய வர்த்தக நிறுவனங்களில் கணக்கராகப் பத்தாண்டுக் காலம் பணியாற்றினார். 1890-இல் சென்னை சென்றார். 1893-இல் ‘பறையன்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். எந்தப் பெயருக்கு அஞ்சி மணியோசைக்குப் பின் வகுப்பினுள் நுழைந்தாரோ, அந்தப் பெயரையே பத்திரிகையின் நெற்றியில் பொறித்தார். பெயர் குறித்து அவருக்கும் பண்டிதருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. இருவர் பக்கமும் நியாயம் உண்டென்றே நாம் கருதுகிறோம்.

இதன்பின் நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1894-இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாறு பகுதியில் நம் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். அதன்பின் அரசாங்கத்தின் தொழிலாளர் துறை நடத்திய ‘லேபர் பள்ளிகள்’ வந்தன. இவை பெரும்பாலும் தொடக்கப் பள்ளிகள். இறுதி வகுப்பைத் தாண்டியவர்க்கு இந்திய அரசாங்கம் உதவித்தொகைத் திட்டம் வகுத்தது 1944-ஆம் ஆண்டில். அப்போது அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினர். உதகைத் தீர்மானத்திற்கும் அத்திட்டத்திற்கும் இடையே 53 ஆண்டுகள். இன்று நம் பிள்ளைகள் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும் உதவித்தொகைக்கு வயது என்ன என்று கேட்டால், 1891-லிருந்து எண்ணும்படி நாம் சொல்வோம்.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட தொழிலாளர் பிள்ளைகள் இருபத்தைவருக்கு மேலிருந்தால் அவர்களுடைய கல்விக்குத் தோட்ட நிர்வாகம் வசதி செய்யவேண்டும் என்றது. நல்ல சட்டந்தான். ஆனால் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு? உயர்நிலைப் பள்ளி தோட்டத்திற்கு வெளியே, சாலைக்கு அப்பால், பஸ்ஸுக்குக் காசு கேட்கும் தூரத்தில் இருந்தது. கொழுந்து பறிக்கக் கைகள் தேவைப்பட்ட வீட்டிலே, பதின்மூன்று வயதுப் பெண்ணின் கை பள்ளிக்குப் போகுமா, கூடைக்குப் போகுமா? விடையை எழுதத் தேவையில்லை. நம் அக்காமாரின் விரல்களைப் பார்த்தால் தெரியும்.

1964-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரு நாடுகளும் பேசி முடித்தன. அவர்களிடம் ஒரு சொல் கேட்டார்களா என்றால், இல்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாம் வழியாக இம்மலைக்கு வந்த குடும்பங்களில், நாம் கைக்குழந்தையாய் இருந்த குடும்பமும் ஒன்று. அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களே பின்னர் ‘டான்டீ’ நிறுவனமாயின. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரிப் பகுதிகளில் புதிய லயன்கள் எழுந்தன. ஆனால் அந்தக் கப்பலில் வந்த தகரப்பெட்டிகளில் சாதிச் சான்றிதழ் இல்லை. தாத்தா இன்ன ஊரிலிருந்து சென்றார் என்பதற்கு எந்தக் கடதாசியைக் காட்டுவது? கல்வி உதவிக்கு உரிமை இருந்தும், உரியவர் இவரே என்று மெய்ப்பிக்கத் தாலுகா அலுவலகப் படிகளில் நம் பெற்றோர் பல கூலி நாட்களைச் செலவிட்டனர். நம் சங்கத்தார் இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் செய்த பணிகளுள், அந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுத்ததையே நாம் தலையாயதாகக் கருதுகிறோம். விழா மேடையில் இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆகவே இங்கே எழுதி வைக்கிறோம்.

இப்போது பிள்ளைகள். பெயர் சொல்லாமல் எழுதுகிறோம். தத்தம் அடையாளத்தை அவரவர் கண்டுகொள்வர்.

பந்தலூர்ப் பக்கத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன். வழியில் யானை நடமாட்டம். காலையில் லயத்துச் சிறுவர்களை ஒன்றுசேர்த்து, எவர்சில்வர்த் தட்டைத் தட்டிக்கொண்டே முன்னால் நடந்து வருவான். தாமத வருகைப் பதிவேட்டில் அவன் பெயர்தான் மிகுதி. காரணம் கேட்டால், “ஐயா, அது எழுந்து போகிறவரைக்கும் காத்திருந்தோம்” என்பான். ‘அது’ என்றுதான் சொல்வான். யானை என்று சொல்வது மரியாதையன்று என்பது அவன் பாட்டி சொன்னதாம். புவியியலில் அவனை வெல்ல ஆளில்லை. ஓடைகளும் சரிவுகளும் அவன் காலுக்குத் தெரிந்தவை. வரைபடத்தில் அவற்றைக் கண்டபோது பழைய நண்பனைக் கண்டவன்போல் சிரிப்பான்.

குன்னூர்த் தோட்டத்து மாணவி ஒருத்தி. அவள் இருந்த லயன் வரிசைக்கே அவள்தான் எழுத்தர். வருங்கால வைப்புநிதிப் படிவம், குடும்ப அட்டை விண்ணப்பம், மின்சார வாரியத்துக்கு முறையீடு எல்லாம் மாலையில் அவள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும். தமிழ்த் தேர்வில் கடிதம் எழுதும் வினாவுக்கு ஒருமுறை மூன்று பக்கம் எழுதிவிட்டாள். குடிநீர் வேண்டி அவள் எழுதிய விண்ணப்பத்தைத் திருத்திய ஆசிரியர், இதை உண்மையாகவே அனுப்பலாமே என்றார். அவள் தலைகுனிந்து, “போன மாதமே அனுப்பிவிட்டோம், ஐயா” என்றாள்.

உதகை நகரிலிருந்து வந்தவன் ஒருவன். தாய் தந்தை இருவரும் தூய்மைப் பணியாளர்கள். மாரியம்மன் திருவிழாவில் பறை வாசிப்பான். ஆனால் பள்ளியில் அதைப் பற்றி மூச்சு விடமாட்டான். ஆண்டுவிழாவுக்கு அவன் பெயரை நண்பர்கள் கொடுத்தபோது முகம் வெளுத்துப் போயிற்று. அவனை அழைத்துச் சீனிவாசனாரின் பள்ளிக்கதையை மட்டும் சொன்னோம். வாசி என்றோ வேண்டா என்றோ சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத் தன் மாமாவின் பறையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். விழாவன்று தோலைக் காய்ச்ச மைதானத்து ஓரத்தில் தீ மூட்டியபோது, குளிர்காய வந்த பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டனர். வாசிப்பைவிட அந்தக் காட்சியே நம் கண்ணில் நிற்கிறது.

இன்னொருத்தி எட்டாம் வகுப்போடு நின்று, தம்பியைப் பார்த்துக்கொள்ள இரண்டாண்டு வீட்டிலிருந்தவள். தம்பியைப் பள்ளியில் சேர்க்க வந்தவள், தானும் சேரலாமா என்று கேட்டாள். வகுப்பில் மற்றவரைவிட மூத்தவளாதலால் ‘அக்கா’ என்றே எல்லோரும் அழைத்தனர். ஆசிரியைகள் சிலரும் வாய்தவறி அப்படியே அழைத்ததுண்டு. நம் சங்கத்து மாலை வகுப்பில் படித்துப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறினாள். பின்னர் செவிலியர் பயிற்சி பெற்றுப் பணியிலிருக்கிறாள். மாதச் சம்பளம் வந்ததும் மாலை வகுப்புக்கு மண்டை வெல்லமும் சுக்குக் காப்பித் தூளும் அனுப்பி வைக்கிறாள். பணமாக அனுப்பினால் கணக்கில் காணாமல் போய்விடுமாம். செயலாளர் அவர்கள் இதைப் படித்துப் பொறுத்தருள்க.

இவ்வாண்டுப் பிள்ளைகளைப் பற்றி இன்னும் எழுதக் கூடவில்லை. அவர்கள் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். டிசம்பரில் உறைபனி கொட்டிய நாட்களிலும் மாலை வகுப்புக்கு வந்தார்கள். மின்சாரம் நின்ற இரவுகளில் எமர்ஜென்சி விளக்கைச் சுற்றி அமர்ந்து இயற்பியல் படித்தார்கள். படிப்பு முடிந்தபின் வீட்டுக்கு ஓடிவிடாமல், வாசலில் நெடுநேரம் நின்று கூச்சலிட்டு, பந்தை உதைத்து, பக்கத்து வீட்டாரிடம் திட்டும் வாங்கினார்கள்.