செட்டிநாட்டு வீடுகளின் கட்டுமானம் (புதுக்கோட்டை மாவட்டம்)
புதுக்கோட்டை மாவட்டத்தின் இராயவரம், அரிமளம், கடியாபட்டி, கோனாபட்டு முதலிய ஊர்களில் வணிகச் சமூகத்தினரான நகரத்தார் எழுப்பிய பெருவீடுகள், வெயிலையும் நீர்த்தட்டுப்பாட்டையும் கணக்கில் கொண்டு கட்டப்பட்டவை.

இவற்றின் சிறப்பு சுவர்ப்பூச்சு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பையும் மணலையும் குழைத்து அரைத்து, பல படிகளாகப் பூசுவர். கடைசிப் படியில் நயமான சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். பெயின்ட் அடிக்கவே தேவையில்லை. ஒரு தலைமுறை தாண்டியும் பளபளப்பு குறையாத சுவர்களை இன்றும் காணலாம்.

ஓட்டுக்கூரை உட்புறம் சரிவதால் மழைநீர் முற்றத்தில் இறங்கி அண்டாக்களில் பிடிபடும். மிச்சம் வடிகால் வழியே ஊருணிக்குப் போகும். இவ்வளவுக்கும் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003இல்தான். 2001இல் தொடங்கிய இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் இன்று அலுவலகங்களுக்குச் சான்றளிக்கையில் பார்க்கும் பகல் வெளிச்சமும் காற்றோட்டமும் இங்கு முற்றத்தாலேயே கிடைத்தன. ஆனால் தூண்களுக்குப் பர்மாத் தேக்கும் தரைக்கு இத்தாலியப் பளிங்கும் கப்பலில் வந்தன. அந்த வகையில் இவ்வீடுகளை முழுப் பசுமை என்று சொல்ல முடியாது.

செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனாலும் பராமரிக்க ஆளின்றி இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன.