கத்திக்கு முந்திய மூன்று மாதம்

மூதூரிலிருந்து கொட்டியாரக்குடாவைக் கடந்து லோஞ்சில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்களின் கீழ்க்கண்மடலை இழுத்துப் பார்ப்பேன். வெளிறிக் கிடக்கும். பெரும்பாட்டை வருடக்கணக்காக ஒருவருக்கும் சொல்லாமல் துணி மாற்றியே சமாளித்தவர்கள். கர்ப்பப்பையில் தசைக்கட்டி, ஒப்பரேஷன் வேண்டும், உடம்பிலோ இரத்தமில்லை. கிண்ணியாப் பாலம் வந்தது 2009இல்தான். அதுவரை இரத்தம் கொடுக்க வேண்டிய தம்பியும் மச்சானும் பாதைப் படகு ஓடினால்தான் வந்து சேர்வார்கள். ஆகவே தாதியாக இருந்த நான், இந்தக் கட்டியின் வரலாற்றை இரத்தத்தின் வரலாறாகவே படிக்கிறேன்.

1843இல் மன்செஸ்டரில் சார்ள்ஸ் கிளே வயிற்றைத் திறந்து கட்டியோடு கர்ப்பப்பையை அகற்றினார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. பின்னாளில் லண்டனில் விக்டர் பொனி, கட்டியை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையைக் காக்கலாம் என்று வாதாடினார். அவருடைய மனைவிக்கே கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. அந்த வலி தெரிந்த மனிதர்.

மருந்தின் கதை மூளையில் தொடங்குகிறது. சூலகத்தை இயக்கும் மூளை ஹோர்மோனின் அமைப்பை 1971இல் ஷாலி, கில்லமின் ஆகியோரின் குழுக்கள் கண்டறிந்தன. 1977இல் இருவருக்கும் நோபல் பரிசு. அதே ஹோர்மோனைப் போலச் செய்த ஊசியைத் தொடர்ந்து போட்டால், முதலில் தூண்டப்பட்ட சூலகம் பிறகு ஓய்ந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் இறங்கும், மாதவிடாய் நிற்கும், கட்டி சுருங்கும். நெடுக்காகக் கிழிக்க வேண்டிய வயிற்றைச் சிலருக்குக் குறுக்காகவே வெட்டி முடிக்கலாம். கட்டியால் வந்த இரத்தசோகைக்கு, ஒப்பரேஷனுக்கு முன் இரும்புச்சத்தோடு சேர்த்து லூப்ரோலைட் ஊசியைக் கொடுக்க அமெரிக்கா 1995இல் அனுமதித்தது. மாதம் ஒன்றாக மூன்று மாதம். உடம்பு கொதிக்கும், அதிக காலம் நீட்டினால் எலும்பு தேயும், நிறுத்தினால் கட்டி மறுபடி வளரும். உலிப்ரிஸ்டல் என்ற குளிசை 2012இல் ஐரோப்பாவில் பெரும் நம்பிக்கையோடு வந்தது. சிலரின் ஈரலைக் கெடுத்ததால், ஒப்பரேஷனுக்குக் காத்திருப்பவர்களுக்குக் கொடுக்கவே கூடாதென்று 2020இல் விதித்தார்கள்.

இவற்றில் எதையும்விட இரும்புக் குளிசையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். விலை குறைந்தது, எந்தக் கிராமத்துக்கும் போய்ச் சேரும். ஆனால் சொல்லிக் கொடுக்காவிட்டால் வீண். தேத்தண்ணியோடு குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. மலம் கறுத்துப் போவதால் ஒரு பயமும் உண்டு. "மிஸ்ஸி, கறுப்பாப் போகுதே, உள்ளுக்க இரத்தம் உடையுதா?" என்று கேட்பார்கள். "இல்லம்மா, அது இரும்பு. விடாமக் குடிங்க" என்பேன். பயந்து பாதியில் நிறுத்தியவர்களே அடுத்த கிளினிக்கிலும் அதே வெளிறிய கண்ணோடு வருவார்கள். அவர்களுக்கு ஒப்பரேஷன் திகதி மீண்டும் தள்ளிப்போகும்.