எரிமலை மூழ்கடித்த கப்பல்

ஸ்கூபா பயிற்சி முடித்து, சான்றிதழ் அட்டை கைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் மூழ்கிய கப்பலைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன். வீட்டில் "கடல் பார்க்கப் போகிறேன்" என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லையே!

புதிதாகப் பயிற்சி முடித்தவர்கள் 18 மீட்டர் ஆழம் வரைதான் போகலாம். கப்பலின் உள்ளறைகளுக்குள் நுழையவும் கூடாது. போரில் மூழ்கிய பெரிய கப்பல்கள் பலவும் அந்த ஆழத்தைத் தாண்டித்தான் கிடக்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அருகே மூழ்கடித்த 'ஹெர்மிஸ்' 50 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. ஆனால் இந்தோனேசியாவின் பாலித் தீவில், துலாம்பென் என்ற கடற்கரை ஊரில் கிடக்கும் 'லிபர்ட்டி' சுமார் 5 மீட்டரிலேயே தொடங்கிவிடுகிறது. கரையிலிருந்து நடந்தே நீரில் இறங்கலாம். படகே வேண்டாம்.

இவ்வளவு பெரிய கப்பல் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் எப்படி வந்தது? ஜப்பானியர்கள் இதை மூழ்கடித்தார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது பாதிதான் உண்மை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா வரிசையாகக் கட்டித் தள்ளிய 'லிபர்ட்டி வகை'க் கப்பல்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த வகையில் முதல் கப்பல் நீரில் இறங்கியதே 1941 செப்டம்பரில்தான். நம் கப்பல் 1918-இல் நியூஜெர்சியில் கட்டப்பட்ட சரக்குக் கப்பல். நீளம் சுமார் 125 மீட்டர். இரண்டாம் போர் வந்தபோது அமெரிக்க ராணுவத்துக்குச் சுமை தூக்கிக்கொண்டிருந்தது.

1942 ஜனவரி 11. ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு ரயில் பாகங்களும் ரப்பரும் ஏற்றிப் போகும் வழியில், லொம்போக் நீரிணைக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-166 எய்த டார்பிடோ தாக்கியது. கப்பல் உடனே மூழ்கவில்லை. அமெரிக்காவின் 'பால் ஜோன்ஸ்', டச்சுக்காரர்களின் 'வான் கெண்ட்' என்ற இரண்டு போர்க்கப்பல்கள் அதைக் கயிறு கட்டி, பாலியின் வடகரையில் இருந்த சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப் போகப் பார்த்தன. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே போனதால் துறைமுகம் வரை தாங்காது என்று தெரிந்துவிட்டது. வழியில் இருந்த துலாம்பென் கரையிலேயே தரைதட்ட வைத்தார்கள். சரக்கை இறக்கிக்கொள்ளலாம் அல்லவா? அடுத்த மாதமே பாலி ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது.

பிறகு 21 வருடங்கள் கப்பல் கரையிலேயே கிடந்து துருப்பிடித்தது. 1963-இல், 120 ஆண்டுகளாக அடங்கியிருந்த ஆகுங் எரிமலை வெடித்தது. அதன் அதிர்வில்தான் கப்பல் நகர்ந்து கடலுக்குள் சரிந்தது. டார்பிடோவால் முடியாததை மலை செய்து முடித்தது.

அந்த வெடிப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாம் கண்ணாடி மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பதற்கு வசதியான ஆழத்தில் கப்பலை வைத்ததும் அதே வெடிப்புதான். இது எனக்கு நீருக்குள் இறங்கும்வரை உறைக்கவில்லை.

கரை முழுக்கக் கருங்கூழாங்கற்கள், எல்லாம் எரிமலை தந்தவை. முதுகில் சிலிண்டரோடு அவற்றின் மேல் நடப்பதற்குள் எனக்கு இரண்டு முறை கால் மடங்கியது. அதே கற்களின் மேல் அந்த ஊர்ப் பெண்கள் சிலிண்டரைத் தலையில் வைத்துக்கொண்டு சாதாரணமாக நடந்து போகிறார்கள்!

உள்ளே போனதும் கப்பல் சட்டென்று தெரியவில்லை. மங்கலான நீலத்தில் ஒரு சுவர்போல மெல்ல வந்தது. இரும்பு எது, பவளம் எது என்றே பிரித்துச் சொல்ல முடியாதபடி வளர்ந்து மூடியிருக்கிறது. சரிவில் ஒருக்களித்துக் கிடப்பதால் கீழ்ப்பகுதி 30 மீட்டர் வரை இறங்குகிறது. கீழே இருட்டாக ஒரு திறப்பு தெரிந்தது. என்னை அறியாமலே அதை நோக்கி இறங்கியிருக்கிறேன். வழிகாட்டி என் கையைப் பிடித்து, ஆழமானியைத் தட்டிக் காட்டினார். 18.4!

அந்த ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. காற்றும் அதே கணக்கில் செலவாகும். பதற்றத்தில் வேறு வேகமாக மூச்சு வாங்கியிருந்தேன். 200-இல் தொடங்கிய காற்றுமானி 70-க்கு வந்திருந்தது. மெல்ல மேலே ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு வெளியே வந்தோம்.

தலையைத் தூக்கியதும் நேர் எதிரே ஆகுங். சிலிண்டர் தூக்கிய அந்தப் பெண்களின் தாய்மாரோ பாட்டிமாரோ 1963-ஐப் பார்த்திருப்பார்கள். கேட்கலாம் என்றால் எனக்கு மொழி தெரியாது. நன்றி என்பதற்கான ஒரு சொல் மட்டும் கற்று வைத்திருந்தேன், அதைச் சொன்னேன்.

அடுத்த நிலைப் பயிற்சி முடித்தால் 30 மீட்டர் வரை போகலாமாம். கப்பலில் மீதிப் பாதி அங்கேதான் இருக்கிறது.