இஞ்சின் படமும் கூலியின் பெயரும்

லூமுட்டில் புகைவண்டி இல்லை. பங்கோர்த் தீவுக்குச் செல்லும் படகுகளின் இரைச்சல் இங்கே நாள் முழுவதும் கேட்கும். இஞ்சினின் ஊதல் கேளாது. இருப்புப்பாதையைக் காண விரும்புவோர் ஈப்போவுக்குப் போதல் வேண்டும். அப்படியிருக்க, லூமுட்டிலிருந்து புகைவண்டியைப் பற்றி எழுதுவானேன் என அன்பர் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். பேராக் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுள் பலருடைய பாட்டன்மார் பினாங்கில் கப்பலிறங்கி, ரயிலேறியே தோட்டம் சேர்ந்தனர். பின்னொரு காலத்தில் அவருட் பலர் அதே தண்டவாளத்தின் வழியே வடக்கே கொண்டு போகப்பட்டு, திரும்பாமலே மறைந்தனர். ரயில் வாராத ஊரிலும் ரயிலின் கதை உண்டு.

இக்கதையை ஆராயப் புகுந்த நமக்குக் கிடைத்த சான்றுகளுட் பெரும்பகுதி நிழற்படங்களாகும். அவற்றுள்ளும் பெரும்பகுதி ஆங்கிலேயர் எடுத்தவை. அவை அனைத்திலும் இஞ்சினே தலைவன். ஆதலின், அப்படங்கள் எவ்வாறு பிறந்தன என்பதை முதற்கண் அறிதல் நலம்.

இங்கிலாந்தில் இஞ்சின்களைத் தேடிச்சென்று எண்ணைக் குறிப்பதும் படமெடுப்பதும் ஒரு பெரும் பொழுதுபோக்கு. 1942-இல் இயன் ஆலன் என்னும் இளைஞர், தென்பகுதி ரயில்வேயின் இஞ்சின் எண்களையெல்லாம் தொகுத்துச் சிறு நூலொன்று வெளியிட்டார். அதன்பின் அவ்வழக்கம் நாடெங்கும் பரவிற்று. 1955-இல் அந்நாட்டு ரயில்வே, நீராவியைக் கைவிட்டு டீசலையும் மின்சாரத்தையும் மேற்கொள்ளத் திட்டமிட்டது. 1968 ஆகஸ்டு 11-ஆம் நாள் பெரும்பாதையில் நீராவி வண்டி இறுதியாக ஓடியபோது, வழிநெடுக மக்கள் காமிராவும் கையுமாக நின்றனர். டீசலுக்கு உயிரில்லை, புகையில்லை, அழகில்லை எனப் பழித்துப் பலர் காமிராவைப் பெட்டிக்குள் வைத்தனர். ஆனால் காலம் விந்தையானது. 1961, 1962-இல் ஓடத்தொடங்கிய 22 டெல்டிக் டீசல் இஞ்சின்கள் 1982 ஜனவரி 2-ஆம் நாள் விடைபெற்றபோது, நீராவிக்கு அழுதது போலவே மக்கள் டீசலுக்கும் அழுதனர். மனிதன் எதனோடு பழகுகிறானோ அதனை நேசிக்கிறான். எதனை இழக்கப் போகிறானோ அதனைப் படமெடுக்கிறான்.

இப்படக்கலைக்குச் சில விதிகள் உண்டு. கதிரவன் படமெடுப்போன் முதுகுக்குப் பின்னே நிற்றல் வேண்டும். இஞ்சினின் முகமும் ஒரு விலாவும் ஒருங்கே தெரியும்படி, பாதைக்குச் சற்றுச் சாய்ந்து நின்று எடுத்தல் வேண்டும். எண் தெளிவாய் விழுதல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, இஞ்சினை மறைக்குமாறு ஆளெவனும் குறுக்கே வருதல் கூடாது. தண்டவாளத்தருகே கடப்பாரையுடன் நிற்பவன் விலகும்வரை காத்திருந்து பொத்தானை அழுத்துவதே நல்ல கைத்திறன் எனப்பட்டது. இக்கடைசி விதியை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

மலாயாவுக்கும் டீசல் வந்தது. 1948-இல் பெட்டிகளை இழுத்துச் சேர்க்கும் சிறு டீசல் இஞ்சின்களும், 1957 முதல் பெரும்பாதையில் ஓடும் 26 பெரிய இஞ்சின்களும் இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனியிடமிருந்து வாங்கப்பட்டன. பெரிய இஞ்சின்கள் அந்நாளில் லங்காஷயர் நாட்டைச் சேர்ந்திருந்த நியூட்டன்-லி-வில்லோஸ் என்னும் ஊரிலிருந்த வல்கன் தொழிற்சாலையிற் செய்யப்பட்டவை. 1853-இல் பம்பாயிலிருந்து தானாவுக்கு இந்தியாவின் முதற் பயணி வண்டியை இழுத்த இஞ்சின்களும், பின்னாளில் டெல்டிக் இஞ்சின்களும் பிறந்த தொட்டில் அதுவே. ஆங்கிலேயப் பாதையைவிடக் குறுகிய நம் ஒரு மீட்டர்ப் பாதைக்கேற்ப அவை அமைக்கப்பட்டன. நீராவிக் காலத்தில் 56-ஆம் வகுப்பு இஞ்சின்களுக்கு இந்நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டினர். 1957-இல் வந்த டீசல்களுக்கோ மலர்களின் பெயரைச் சூட்டினர். உத்தியோகமாகவும் படைச் சேவையாகவும் இங்கு வந்த ஆங்கிலேயருட் காமிரா வைத்திருந்தோர், தம் நாட்டு விதிப்படியே அவற்றைப் படமெடுத்தனர். ஆகவே இன்று எந்த இஞ்சினுக்கு எந்த எண், எந்தப் பெயர், எந்த நிறம் என்பதைப் படங்கொண்டு ஐயமறச் சொல்லலாம். அப்படத்துக்கு வெளியே விலகி நின்றவனுக்கு என்ன பெயர் என்றாலோ, சொல்வாரில்லை.

அவன் யார்? பேராக்கின் முதற்பாதை, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைவரை ஏறத்தாழ 8 மைல். 1885 ஜூன் 1-ஆம் நாள் திறக்கப்பட்டது. லாருட் ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோவதே அதன் நோக்கம். அதனை அமைக்க இலங்கைப் பயனியர் படையின் இரு பிரிவுகள் வரவழைக்கப்பட்டன. 1886-இல் கோலாலம்பூரும், 1891-இல் சிரம்பானும், 1893-இல் தாப்பா ரோடும் இவ்வாறே கடலோடும் ஆற்றுத்துறையோடும் இணைக்கப்பட்டன. 1909-இல் பிறையிலிருந்து ஜோகூர் பாரு வரை பாதை ஒன்றாயிற்று. காட்டை வெட்டி, மண்ணைக் கொட்டி, கட்டையை அடுக்கி, கல்லை இடித்துத் திணித்து, அதன்பின் மழைதோறும் அப்பாதையைக் காத்தவருட் பெரும்பாலோர் தமிழர். நிலைய அதிபரும் கிளார்க்குகளுமாக யாழ்ப்பாணத்தார் வந்தனர்; கேங் கூலிகளாகத் தமிழ்நாட்டார் வந்தனர். போர்ட் வெல்ட் பாதை இன்று இல்லை. ஆனால் நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழெழுத்தும் உண்டு. காண வருவோரெல்லாம் அப்பலகையைப் படமெடுத்துச் செல்கின்றனர். தமிழெழுத்து ஏன் அங்கே வந்ததென்று எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

இன்னொன்று கூறுவோம். தாப்பா ரோடு - தெலுக் ஆன்சன் பாதையில், 1894 செப்டம்பர் 17-ஆம் நாள், காட்டு யானையொன்று தன் கூட்டத்தைக் காக்க எண்ணி, ஓடிவந்த வண்டியின்மீது பாய்ந்து அதனைத் தடம்புரளச் செய்து தானும் மாண்டது. அவ்யானை மாண்ட இடத்தில், அதன் வீரத்தைச் சொல்லி நினைவுப்பலகை நாட்டினர். யானைக்குப் பலகை நாட்டியதை நாம் குறை கூறவில்லை; அதற்கு அது தகும். ஆயினும், அதே பாதையை அமைக்கையிற் காய்ச்சலால் மாண்ட கூலிக்கு ஒரு பலகையும் காணோமே! யானையின் நாளும் மாதமும் ஆண்டும் வரலாற்றில் நின்றுவிட்டன. மனிதனுடையவை நிற்கவில்லை.

இதனினும் கொடியது 1942, 1943-இல் நடந்தது. ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர்ப் பாதை அமைத்தனர். அதற்கு வேண்டிய தண்டவாளத்தில் ஒரு பகுதியை மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்தே பெயர்த்தெடுத்தனர். வேண்டிய ஆட்களை நம் தோட்டங்களின் லயங்களிலிருந்து எடுத்தனர். சரக்குப் பெட்டிகளில் அடைத்து அவர்களை வடக்கே கொண்டு சென்றனர். அப்பாதையில் உழைத்த போர்க்கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர். அவருள் ஏறக்குறைய 12,000 பேர் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் ஏறத்தாழ 90,000 என மதிப்பிடுவர். அவருள் மலாயாத் தமிழர் பல்லாயிரவர். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏறக்குறைய 7,000, வரிசை வரிசையாக நிற்கின்றன. நம்மவர்க்கு அவ்வாறு ஆளுக்கொரு கல் இல்லை. ஜார்ஜ் ஆஸ்பினால் என்னும் ஆஸ்திரேலியச் சிப்பாய், அக்கொடுமைக்கிடையிலும் காமிராவை ஒளித்துவைத்துத் தம் தோழரைப் படமெடுத்தார். நம் மக்களிடம் காமிரா ஏது? அப்பாதையின் திறப்பு விழாவில் ஓடிய சி56-31 என்னும் நீராவி இஞ்சினோ, இன்று டோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தைச் சார்ந்த காட்சிச்சாலையிற் பளபளப்பாய் நிற்கிறது. அதன் எண் யாவர்க்கும் தெரியும்.

இவ்வளவும் படமெடுத்தோரைப் பழிப்பதற்காகச் சொல்லுகிறோமா? இல்லை. இஞ்சினை நேசித்தல் குற்றமன்று. அவர்கள் தாம் நேசித்ததை நாளும் எண்ணும் இடமும் குறித்துப் பொறுமையோடு காத்தனர். அக்குணத்தை நாம் போற்றக் கடமைப்பட்டுள்ளோம். குற்றத்தின் ஒரு பங்கு நம்மிடமே உண்டென்பதைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று.

நம் வீட்டுச் சுவர்களைப் பாருங்கள். திருமணப் படம் உண்டு. தெய்வப் படம் உண்டு. தலைவர் படம் உண்டு. பாட்டன் சம்மட்டியோடு நிற்கும் படம் உண்டா? ஸ்டூடியோவுக்குச் சென்ற அந்நாளில் அவன் கோட்டு அணிந்து, காகிதப் பூச்சாடியருகே கைவைத்து நின்றான். தன் தொழிலுடை அவனுக்கு வெட்கமாய்ப் பட்டது. உழைப்பை இழிவென்றும் உழையாமையை உயர்வென்றும் பல நூற்றாண்டுகளாகக் கற்பித்த சாதிமுறையே அவ்வெட்கத்தை அவனுக்குத் தந்தது. ரயில்வேக் குழுப்படங்களிலும் அதுவே காண்கிறோம்: நாற்காலியில் அதிகாரி, அருகே நிலைய அதிபர், பின்னே கிளார்க்குகள், தரையிற் பியூன்கள். கேங் கூலி படத்திலேயே இல்லை. அவனை விலக்கியவன் வெள்ளையன் மட்டுந்தானா? கிளார்க்குத் தமிழனும் கூலித் தமிழனும் ஒரே வரிசையில் நிற்பதை நம்மவரே விரும்பினாரில்லை. வெள்ளையன் போய் நெடுங்காலமாயிற்று. அவ்வெட்கம் இன்னும் போனபாடில்லை. “எங்கள் பாட்டனார் ரயில்வேயில் இருந்தார்” என்று சொல்லும் பேரன், என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறான்.

இனிச் செய்யத்தக்கது யாது? காலம் நமக்காகக் காத்திராது. 2010 முதல் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்குமிடையே மின்சார வண்டிகள் விரைகின்றன. 2015-இல் அவை வடக்கே பாடாங் பெசார் வரை சென்றன. பயணி வண்டியை டீசல் இழுத்த காலம் பேராக்கில் பெரும்பாலும் கழிந்தது. பழைய இஞ்சின்களுக்காகக் கவலைப்பட அன்பர் பலர் உளர். அவற்றை ஓட்டியவரும், எண்ணெயிட்டவரும், பாதை காத்தவரும் முதியோராகி நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுக்காகக் கவலைப்பட வேண்டியவர் நாமே.

பெருஞ்செல்வம் வேண்டாம், கழகம் வேண்டாம். இன்று ஒவ்வோர் இளைஞன் சட்டைப்பையிலும் காமிரா இருக்கிறது. அடுத்த விடுமுறையில் தம் ஊரிலுள்ள ஓய்வுபெற்ற ரயில்வேத் தொழிலாளி ஒருவரை நாடிச் செல்லட்டும். அவரை அவர் வேலை செய்த பாதையருகே, அவர் விரும்பும் உடையில், முகத்தில் வெயில் நன்கு விழ நிறுத்திப் படமெடுக்கட்டும். அவர் பெயர், தகப்பன் பெயர், தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ அவர் முன்னோர் ஊர், வேலையிற் சேர்ந்த ஆண்டு, பார்த்த வேலை ஆகியவற்றைக் கேட்டு எழுதட்டும். வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் பழம்படங்களைப் பாட்டிமார் இருக்கும்போதே எடுத்துக்காட்டி, யார் யாரெனக் கேட்டு, படத்தின் முதுகிற் பென்சிலால் மெல்ல எழுதி வைக்கட்டும். பெயரில்லாத படம் இரு தலைமுறைக்குப்பின் வெறுங்காகிதமாகும்.

ஆங்கிலேயச் சிறுவன் ஒருவன் மழையில் நனைந்து இஞ்சின் எண்ணைக் குறித்தான். அவன் குறித்ததால் அவ்விஞ்சின் இன்றும் வரலாற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு பொறுமையை நம் பாட்டனுக்காக நாம் காட்டலாகாதா? லூமுட்டில் ரயில் இல்லையெனினும், ரயிலை அறிந்த முதியோர் இச்சுற்றுப்புறத் தோட்டங்களிலும் இருப்பர். நாம் அவர்களைத் தேடிப் புறப்படுகிறோம். வாசகரும் தத்தம் ஊரில் தொடங்குவாராக.