பங்கேடும் பாட்டியின் நாவும்



ஜூபிலி மலருக்கு நம் குடும்பங்களின் சரித்திரத்தைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, எளிய வேலைதான் என்று எண்ணி ஒப்புக்கொண்டேன். பங்களாவின் இரும்புப் பெட்டியில் ஞானஸ்நானப் புத்தகம், விவாகப் புத்தகம், மரணப் புத்தகம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இவற்றில் முதல் இரண்டும் 1563இல் திரெந்து பொதுச்சங்கம் இட்ட கட்டளையால் உலகெங்கும் பங்குக் குருக்கள் எழுதிவரும் ஏடுகள். பார்த்து எழுதினால் போயிற்று என்றிருந்தேன்.

நம் செங்கல்பட்டுச் சீமைக்கு ஏடுகள் புதியன அல்ல. 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற ஆங்கிலேயர் நடத்திய அளவையின்போது, சுமார் 2,000 ஊர்களின் கணக்கு ஓலையில் எழுதப்பட்டது. எந்த ஊரில் எத்தனை வீடு, எத்தனை ஏரி, கோயிலுக்கு எவ்வளவு, வெட்டியானுக்கு எவ்வளவு என்று அதில் காணலாம். ஆனால் அந்த வீட்டுக்குள் யார் அழுதார், யார் சிரித்தார் என்பதை எந்தக் கணக்கப்பிள்ளையும் எழுதுவதில்லை. குருக்களாகிய நாங்களும் எழுதுவதில்லை.

விவாகப் புத்தகத்தில் 1938ஆம் ஆண்டுப் பதிவொன்றில் என் கண் நின்றது. மணமகன் நம் ஊர். மணமகள் கோவளம் பக்கம். ஓரத்தில் அக்காலத்துச் சுவாமியார் லத்தீனில் இரண்டு வரி எழுதியிருக்கிறார்: மூன்றாம் படி இரத்த உறவுத் தடைக்கு விலக்கு பெறப்பட்டது என்று. 1917ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணமக்கள் இருவருக்கும் கொள்ளுப்பாட்டன் ஒருவரே என்றால் மேலிடத்து அனுமதியின்றி விவாகம் செல்லாது. (1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் இத்தடை உடன்பிறந்தாரின் பிள்ளைகளோடு நின்றுவிட்டது. மாமன் மகளைத் தேடிக் கட்டும் நம்மவர்களுக்காக இன்றும் நான் மனு எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.)

அந்த மணமகனின் வழியில் இன்று நம் பங்கில் மட்டும் அறுபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். கேட்டால், "எங்களுக்குக் கடற்கரைப் பக்கம் சொந்தமே கிடையாது, சுவாமி" என்கிறார்கள். பிறகு அந்தக் கொள்ளுப்பாட்டன் யார்?

மணமகனுடன் பிறந்தவர் பதினொருவர். கடைக்குட்டிக்கு இப்போது தொண்ணூறு வயதாகிறது. கண் மங்கிவிட்டது, காதும் நாவும் தெளிவு. ஒரு ஞாயிறு மாலை பேரப்பிள்ளைகள் சூழ்ந்திருக்க அவரிடம் கேட்டேன்.

"எங்க ஆயா சொன்னதுதான் சாமி. தாது வருசப் பஞ்சம். அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் போயிட்டாங்க. அண்ணங்காரன் தங்கச்சியை மிராசுதார் வீட்டுல விட்டுட்டு, ரெண்டு மரக்கால் கேவுரு வாங்கிக்கினு கால்வா வெட்டப் போயிட்டான். ஆயாவுக்கு அப்ப பத்து வயசு."

எவரும் பேசவில்லை. மூத்த பேரன் எழுந்து வெளியே போய்விட்டார்.

தாது வருஷம் 1876-77. சென்னை மாகாணத்தை வாட்டிய அந்தப் பஞ்சம் 1878 வரை நீடித்தது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி, 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். வெட்டியவர்களின் பெயரை எங்கும் காணோம். அந்த அண்ணன் ஊர் திரும்பவில்லை. கோவளம் பக்கமே தங்கிக் குடும்பம் நடத்தியிருக்கிறார். தங்கை கடனுக்குக் கட்டுண்ட படியாளாக வளர்ந்தாள். அந்தப் படியாட்களின் நிலையைத்தான் 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் அரசாங்கத்துக்கு விரிவாக எழுதினார். அதன் மேல் 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் தர ஆணை பிறந்தது.

"அப்புறம் எப்படி அந்த வீட்டிலேயே பெண் எடுத்தீர்கள்?" என்றேன்.

"ஆயாதான் ஒத்தைக்கால்ல நின்னுது. என்னை விட்டுட்டுப் போனவன் வூட்டுலருந்து ஒரு பொண்ணு வெளக்கேத்த வரணும்னு. எங்கப்பாரு நடந்தே போயி கேட்டாரு."

முறையும் சரியாகத்தான் இருக்கிறது. அண்ணனின் மகன்வழிப் பேத்தியும் தங்கையின் மகன்வழிப் பேரனும் மாமன் மகள், அத்தை மகன் முறைதானே. கிழவி சொன்ன முறை, சுவாமியார் எழுதிய மூன்றாம் படியோடு இம்மியும் பிசகவில்லை.

பின்னர் ஏதோ சீர்வரிசைத் தகராறில் போக்குவரத்து நின்றுபோனதாம். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது இங்கிருந்து அரிசி மூட்டையோடு கோவளம் சென்ற இளைஞர்களில், தாம் சொந்தத் தெருவுக்கே சோறு போடுகிறோம் என்று அறிந்தவர் எவருமில்லை.

இதை அச்சிடலாமா என்று குடும்பத்தாரைக் கேட்டேன். அடகு வைத்த கதை வேண்டாம் என்று மூத்த பேரன் மறுத்தார். இரண்டு வாரம் கழித்து அவரே வந்து, பெயரில்லாமல் போடுங்கள் என்றார். கோவளத்து முகவரியும் கேட்டார்; 1808இல் ஜான் டிமாண்டி எழுப்பிய கார்மேல் மாதா கோயிலுக்கு முதலில் எழுதுங்கள் என்றேன். ஜூபிலித் திருப்பலிக்கு அங்கிருந்து ஒரு வேன் நிறைய வருவதாகத் தகவல்.

கட்டுரையை அந்த மூதாட்டிக்குப் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். புத்தகத்தில் மணமகளுக்கு வயது பதினெட்டு என்று இருக்கிறதல்லவா, அது தப்பாம். அண்ணிக்கு அப்போது பதினாறுதானாம். நான் புத்தகத்தைத் திருத்தவில்லை.