நீச்சல்குளத்தில் பிறந்த காலுறை

தீபாவளிக்கு முந்தைய வாரம் ஜவுளிக்கடைக்குப் போயிருப்பீர்கள். ஐம்பது புடவைகளைப் பிரித்துப் போடச் சொல்லி, ஐம்பத்தோராவதை எடுத்திருப்பீர்கள் (அல்லது எடுக்காமலே வந்திருப்பீர்கள்!). கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணின் கால்களைப் பார்த்தீர்களா? பார்த்திருக்க முடியாது. கவுன்ட்டர் மறைத்துவிடும்.

இந்த வாரக் கதை அந்தக் கால்களைப் பற்றியதுதான்.

நான் பி.காம். படித்தவன். ரத்த ஓட்டத்தைக்கூட வரவு செலவாகத்தான் பார்க்கத் தெரியும். இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் போவது கடன் கொடுப்பது மாதிரி, சுலபம். திரும்ப வசூலிப்பதுதான் பெரும்பாடு! நாலடி உயரம் ஏறி வரவேண்டுமே? நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, சிரைகளை அழுத்தி, ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏறியது இறங்கிவிடாமல் தடுக்கச் சிரைகளுக்குள் குட்டிக் குட்டி வால்வுகள். சரி, நடக்காமல் ஒரே இடத்தில் நின்றால்? பம்ப் ஓடாது. ரத்தம் கீழேயே தேங்கும். வருஷக் கணக்கில் இப்படி நின்று, குடும்ப வாகும் சேர்ந்துகொண்டால் சிரை புடைக்கும், வால்வு ஒழுகும். அதுதான் வெரிகோஸ் வெயின். 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்பார்களே, அதேதான். முற்றினால் கணுக்கால் பக்கம் ஆறாத புண்.

இது நேற்று வந்த வியாதி இல்லை. ரோமானியத் தளபதி மாரியஸுக்கு இரண்டு காலிலும் இருந்தது. தன்னைக் கட்டிப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு காலை நீட்டினார். கத்தி இறங்கியது. முனகல்கூட இல்லை. வைத்தியர் அடுத்த காலுக்குத் திரும்பியபோது, 'போதும்! இந்த வலிக்கு இந்த வைத்தியம் கட்டுப்படியாகாது' என்கிற அர்த்தத்தில் சொல்லிவிட்டாராம். புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார்.

கத்திக்குப் பயந்தவர்களுக்கு இருந்த ஒரே வழி, இறுக்கிக் கட்டுவது. ஹிப்போகிரடீஸ் காலத்திலேயே துணிக்கட்டு உண்டு. 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸின் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வைஸ்மன், ஷூவுக்குக் கட்டுவது போல நாடா கட்டும் தோல் காலுறையைப் பயன்படுத்தினார். 1848-ல் வில்லியம் பிரவுன் என்பவர் ரப்பர் இழையில் காலுறை செய்து இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். ரப்பர் தோலை உறுத்தியது. 1851-ல் ஜோனதன் ஸ்பார்க்ஸ் அந்த இழைமேல் பருத்தியும் பட்டும் சுற்றி உறுத்தலைக் குறைத்தார்.

எல்லாம் சரி. எங்கே எவ்வளவு இறுக்குவது? அதற்குத்தான் கச்சிதமான விடை இல்லை. விடை சொன்னவர் டாக்டர் அல்ல, ஓர் இன்ஜினீயர்!

கான்ராட் ஜாப்ஸ்ட். ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டொலீடோ நகரில் வாழ்ந்தவர். அவருக்கே காலில் சிரைப் புண். நின்றால் உயிர் போகிற வலி. ஆனால், நீச்சல்குளத்தில் இறங்கி நின்றால் மட்டும் வலி குறைகிறது. ஏன்? நாமாக இருந்தால் 'அப்பாடா' என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்போம். அவர் கணக்குப் போட்டார். தண்ணீரில் ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். கணுக்காலில் அதிகம், மேலே வர வரக் குறைவு. காலுக்குள் தேங்கும் ரத்தத்தின் அழுத்தமும் அதே வரிசையில்தானே இருக்கிறது! உள்ளே இருந்து தள்ளுவதை வெளியே இருந்து தண்ணீர் சரிக்கட்டுகிறது.

அந்தத் தண்ணீரைத் துணியில் நெய்தால்? 1950 வாக்கில் பிறந்தது, கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்கும் காலுறை. இன்றைய கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங்ஸ் அத்தனையும் அந்தக் கணக்கின் வாரிசுகள்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது கெட்டுப்போன வால்வைச் சரிசெய்யாது. போட்டிருக்கும்வரைதான் உதவி. காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுவதற்கு முன்னாலேயே போட வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் தாங்களாகவே வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது. காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இருந்தால், இந்த இறுக்கமே காலுக்கு எமன். முதலில் டாக்டர் பரிசோதிக்கட்டும்.

இதைவிட மலிவான வைத்தியமும் ஒன்று உண்டு: நாற்காலி. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று கேரளா 2018-ல் சட்டம் போட்டது. தமிழ்நாடு 2021-ல். ஒரு ஸ்டூலுக்குச் சட்டமன்றம்வரை போக வேண்டியிருந்தது, பாருங்கள்!

ஸ்டூல் போடுவது முதலாளி பொறுப்பு. அதில் அவர் உட்கார்ந்தால் 'எழுந்திரும்மா, கஸ்டமர் வந்திருக்கோம்ல' என்று முறைக்காமல் இருப்பது யார் பொறுப்பு? அடுத்த தீபாவளிக்கு, இருபதாவது புடவையைப் பிரிக்கும்போது சொல்லிப்பாருங்களேன்... ''உட்கார்ந்துக்கிட்டே காட்டுங்கம்மா!''