ஜனவரி ஆறாம் தேதி கிறிஸ்துமஸ்

கொல்கத்தாவில் கிறிஸ்துமஸ் இரண்டு தடவை வரும். டிசம்பர் 25-க்கு பார்க் ஸ்ட்ரீட் முழுக்க விளக்கு, கேக், தள்ளுமுள்ளு. அதெல்லாம் அடங்கி எல்லாரும் ஆபீஸ் போக ஆரம்பித்த பிறகு, ஜனவரி 6 அன்று படா பஜார் சந்தடிக்கு நடுவில் ஒரு பழைய தேவாலயத்தில் இன்னொரு கிறிஸ்துமஸ் சத்தமில்லாமல் நடக்கும். அது ஆர்மீனியர்களுடையது.

அவர்கள் லேட்டாகக் கொண்டாடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஆதியில் கீழைத் திருச்சபைகள் இயேசுவின் பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்து ஜனவரி 6-ல்தான் கொண்டாடின. நாலாம் நூற்றாண்டில் ரோமில் இருந்து டிசம்பர் 25 பரவியது. மற்றவர்கள் மாறினார்கள், இவர்கள் மாறவில்லை. அவ்வளவுதான்.

இந்த ஆட்கள் இங்கே எப்படி வந்தார்கள்? 1600-களின் ஆரம்பத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஜுல்ஃபா என்ற ஊரின் ஆர்மீனிய வியாபாரிகளைக் கூண்டோடு கிளப்பி, இஸ்ஃபஹானுக்குப் பக்கத்தில் குடியேற்றினார். அந்தப் புது ஜுல்ஃபாவில் இருந்துதான் சூரத், சென்னை, வங்காளம் என்று பரவினார்கள். 1688-ல் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். கம்பெனி ஊர் எதிலாவது ஆர்மீனியர்கள் நாற்பது பேர் சேர்ந்துவிட்டால், தேவாலயத்துக்கு நிலம் கம்பெனி தரவேண்டும், மரத்தில் கட்டியும் தரவேண்டும், பாதிரியாருக்கு ஏழு வருஷம் ஆண்டுக்கு 50 பவுண்டும் கொடுக்கவேண்டும். நாற்பது பேருக்கு ஒரு கோவில்! நம்ம ஆட்களாக இருந்தால் நாற்பது பேர் சேர்ந்ததும் இரண்டு சங்கம் ஆரம்பித்திருப்போம்.

ஆர்மீனியன் தெருவில் இருக்கும் நாசரேத் தேவாலயம் 1724-ல் கட்டியது. கொல்கத்தாவில் இன்று நிற்கும் தேவாலயங்களில் இதுதான் மூத்தது. வளாகத்தில் ரெசாபீபீ என்ற பெண்ணின் கல்லறைக் கல்லில் 1630 என்று வருஷம் படிக்கிறார்கள். அந்த வாசிப்பை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. ஏற்றால், ஜாப் சார்னாக் வந்து இறங்கிய 1690-க்கு அறுபது வருஷம் முன்பே இங்கே ஆர்மீனியர்கள் இருந்திருக்கிறார்கள்.

ஒரு ஜனவரி 6 காலையில் குடும்பத்தோடு போனோம். எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் ஊர் மாதா கோவில் திருப்பலியும் சி.எஸ்.ஐ. ஆராதனையும்தான். இது வேறு மாதிரி. பலிபீடம் மேடை போல உயரத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு திரை. வழிபாட்டின் நடுவில் திரை மூடும், திறக்கும். நம்ம கோவிலில் அலங்காரத்துக்குத் திரை போட்டதும் வெளியே நின்று காத்திருப்போமே, அதே காத்திருப்பு. நீண்ட கழியின் முனையில் வட்டத் தகடு, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன மணிகள். முக்கியமான கட்டங்களில் அதைக் குலுக்குகிறார்கள். ஒரு கட்டத்தில் சமாதான வாழ்த்து பீடத்தில் இருந்து இறங்கி, ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லச் சொல்ல, கடைசி வரிசை வரை வருகிறது. முடிவில் தண்ணீரில் சிலுவையை அமிழ்த்தி ஆசீர்வதித்து, அந்தத் தண்ணீரை எல்லாருக்கும் தருகிறார்கள். பெண் கையை நீட்டிக்கொண்டே, "தீர்த்தமாப்பா?" என்றாள்.

மொழி பழைய ஆர்மீனியம். மெஸ்ரோப் மஷ்டோட்ஸ் 405-ஆம் ஆண்டு வாக்கில் எழுத்து உருவாக்கிய காலத்து மொழி. இன்று வீட்டில் ஆர்மீனியம் பேசுகிறவருக்கே முழுசாகப் புரியாது. நமக்குச் சங்கப் பாட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை யோசிக்க வைத்தது பாட்டு வந்த திசை. பதில் பாடியவர்களில் பலர் பதின்வயசுப் பிள்ளைகள். 1821-ல் தொடங்கிய ஆர்மீனியன் காலேஜ் மாணவர்கள். பேர்தான் காலேஜ், நடப்பது பள்ளிக்கூடம். கிராண்ட் ஹோட்டல் வரை கட்டி வாழ்ந்த சமூகத்தில் இன்று கொல்கத்தாவில் சில நூறு பேர் இருந்தாலே அதிகம். ஆகவே ஆர்மீனியா, ஈரான், ஈராக் என்று வெளியில் இருந்து பிள்ளைகளை அழைத்துவந்து, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்துப் படிக்கவைத்தார்கள். முன்னோர் விட்டுப்போன சொத்து இதற்கு உதவியது. பாதிரியார் பாடினால் பதில் பாட ஆள் இருக்கிறது.

இப்போது நம்ம சென்னையைப் பாருங்கள். அங்கேயும் ஓர் ஆர்மீனியன் தெரு, 1772-ல் கட்டிய தேவாலயம். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794-ல் வெளிவந்தது மெட்ராஸில்தான். நடத்தியவர் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார். ஜுல்ஃபா வியாபாரி பெட்ரூஸ் உஸ்கான் 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டினார். இன்றைய மறைமலை அடிகள் பாலத்துக்கு அதுதான் முன்னோடி. பணம், அச்சகம், பத்திரிகை, பாலம் எதிலும் குறைவில்லை. ஆனால் வாரம்தோறும் கூடி வழிபட ஆர்மீனியர்கள் அங்கே இல்லை. தேவாலயம் சுத்தமாக, அழகாக, பார்க்க வருகிறவர்களுக்காகத் திறந்திருக்கிறது.

வியாபாரம் நகர்ந்தது, குடும்பங்கள் நகர்ந்தன. யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கட்டிடம் தானாக எதையும் காப்பாற்றாது என்பதற்கு இந்த இரண்டு தெருவும் சாட்சி. வழிபாடோ மொழியோ, ஒருவர் சொன்னால் இன்னொருவர் பதில் சொல்லவேண்டும்.

திரும்பும்போது பெண் கேட்டாள்: "அவங்களுக்கு அர்த்தம் புரியுமாப்பா?" எல்லாம் புரியாது, ஆனால் எங்கே பதில் பாடணும் என்று தெரியும் என்றேன்.

எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு இப்போது ஆறு பிள்ளைகள்தான் வருகிறார்கள். இதற்கு ஒரு ஹால் தேவையா, நிறுத்திவிடலாமா என்று பேச்சு நடக்கிறது. ஹாலை வேண்டுமானால் விடலாம், வகுப்பை விடவேண்டாம் என்பது என் கட்சி. ஆறு பேருக்கு எங்கள் வீட்டுக் கூடமே போதும்.